கோடையில் வரைந்த மேப்பும் கார்த்திகை மாதக் கண்மாயும்

செட்டிநாடு என்று சொன்னதும் கானாடுகாத்தான் அரண்மனையும் ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும்தான் எல்லாருக்கும் கண்முன் வரும். ஊருக்குள்ளே அது சரி. ஒரு காலத்தில் 96 ஊர்கள், இப்போது எழுபத்துச் சொச்சம். அந்த ஊர்களுக்கு நடுவில் என்ன கிடக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. கார் தார்ச்சாலையில் சர்ரென்று போய்விடுகிறது. சாலையை விட்டு இறங்கினால் செம்மண் பொட்டல், செம்புரான் பாறை, முந்திரித் தோப்பு, ஆளை மறைக்கும் சீமைக்கருவேலம், வரிசை வரிசையாக நிற்கும் தைலமரக் காடு, அப்புறம் கண்மாய், கண்மாய், இன்னும் கண்மாய். ஏரியைத்தான் எங்கள் பக்கம் கண்மாய் என்போம். அந்த இடங்களில் நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் எனக்கும் என் நண்பர்களுக்கும் பல வருடப் பழக்கம். பறவை பார்க்க வருகிறவர்கள் உண்டு, கல்வெட்டுத் தேடி வருகிறவர்கள் உண்டு, சும்மா நடக்க வருகிறவர்களும் உண்டு.

புதிதாக வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சிக்னல் இல்லாத இடத்துக்கு எந்த மேப் ஆப் நல்லது?

நான் சொல்கிற பதில் இது. ஆப்பை அப்புறம் பார்க்கலாம். அதற்குள் இருக்கிற மேப்பை யார் வரைந்தது, எந்த மாதத்துப் படத்தைப் பார்த்து வரைந்தது, தப்பு இருந்தால் அதை நாம் திருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். மலைப்பகுதியில் நடக்கிறவர்களுக்கு இது இவ்வளவு முக்கியமாக இருக்காது. மலை இடம் மாறுவதில்லை. எங்கள் பக்கம் தரை வருஷத்துக்கு இரண்டு முறை மாறுகிறது. பங்குனியில் மாட்டுவண்டி போன தடத்தில் கார்த்திகையில் ஆள் மூழ்கும்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும்?" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். மொபைல் சிக்னல் வேறு, ஜிபிஎஸ் வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. அவை அனுப்பும் நேரக்குறிப்பை வாங்கி, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டுத் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. வானத்தில் நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் இன்றைய போன்களில் பெரும்பாலும் இது நடக்கும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் இப்போதைய போன்கள் சேர்த்தே கேட்கின்றன. நம்முடைய நாவிக்கைக் கேட்கிற போன்களும் வந்துவிட்டன.

டவர் இல்லாவிட்டால் மாறுவது முதல் புள்ளி விழ எடுக்கும் நேரம் மட்டும்தான். இணையம் இருந்தால், கோள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற குறிப்பைப் போன் சட்டென்று இறக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அதையும் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். ஒவ்வொரு கோளும் தன் பாதைக் குறிப்பை 30 வினாடிக்கு ஒருமுறை திருப்பிச் சொல்கிறது. எல்லாக் கோள்களின் அட்டவணையும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் பிடிக்கும். அதனால் தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தியதும், சிக்னல் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து புள்ளி நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவது எங்கள் வழக்கம்.

துல்லியம் பற்றிக் கவலையே வேண்டாம். திறந்த வெளியில் சாதாரணப் போன் ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் காட்டிவிடும். எங்கள் பொட்டலைவிடத் திறந்த வெளி எங்கே கிடைக்கும்? உண்மையில் தடுமாறுவது ஊருக்குள்தான். கானாடுகாத்தானில் இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் போல எழுந்து நிற்கும் வீடுகளுக்கு நடுவில் போனைத் திறந்து பாருங்கள். சிக்னல் சுவரில் பட்டுச் சுற்றி வருவதால், தெருவில் நிற்கும் உங்களைப் பக்கத்து வீட்டு இரண்டாம் கட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தும்.

ஆக, பொட்டலில் நீங்கள் நிற்கிற இடம் சரியாகத்தான் தெரியும். சிக்கல் அந்தப் புள்ளிக்குக் கீழே விரிந்திருக்கும் படத்தில்.

கூகுள் மேப்ஸ் எல்லார் போனிலும் இருக்கிறது. ஒரு பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். காரைக்குடியிலிருந்து திருமயத்துக்குக் காரில் போக அது போதும். நடக்கிறவர்களுக்குப் போதாது. இணையம் இல்லாதபோது அது காருக்குத்தான் வழி சொல்லும், நடப்பதற்கும் சைக்கிளுக்கும் சொல்லாது. இறக்கி வைத்த மேப்பில் சாட்டிலைட் படமும் வராது. தைலமரக் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் வெறும் வெளிர்நிறத் திரை, நடுவில் ஒரு நீலப் புள்ளி.

வெளிநாட்டு மலையேற்றக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சிலர் கையா ஜிபிஎஸ், ஆல்டிரெயில்ஸ் என்று சந்தா கட்டிவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் அவை அருமையான ஆப்கள்தான். அந்த நாட்டு நிலவியல் துறை 1:24,000 அளவில் நாடு முழுக்க வரைந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறது, வனத்துறையின் நடைபாதை விவரங்களும் திறந்தே கிடக்கின்றன. அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அந்த ஆப்கள் மின்னுகின்றன. நேமத்துக்கும் இளையாத்தங்குடிக்கும் நடுவே அதே ஆப்பைத் திறந்தால் பின்னால் அந்தச் சொத்து கிடையாது. இணையம் இல்லாமல் மேப் பார்ப்பதற்கு மட்டும் காசு கேட்கும்.

அவர்கள் பெரிதாகப் பேசும் உயரக்கோடுகளும், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துப் போடும் கோடுகளும், எங்களுக்கு அவ்வளவாக உதவாது. உலகம் முழுக்க ஆப்களில் தெரிகிற உயரக்கோடுகளில் பெரும்பகுதி, 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்ததிலிருந்து வருகிறது. முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதுதான் அதன் நுணுக்கம். மேற்கே சுமார் 2,500 அடி உயரமுள்ள பிரான்மலையில் ஏறுகிறீர்கள் என்றால் அது நன்றாகவே உதவும். ஆனால் செட்டிநாட்டில் நடக்கிறவரின் பாதையை மாற்றும் மேடு, கண்மாய்க் கரை. இரண்டு ஆள் உயரம் இருக்கும். பத்து மீட்டருக்கு ஒன்று என்று போட்ட கோட்டில் அது விழவே விழாது.

எங்களுக்கு உதவுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்த ஆப்கள். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது அது. யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்துச் செய்த ஆப்களில் ஆர்கானிக் மேப்ஸை முதலில் போடச் சொல்வேன். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம். வீட்டு வைஃபையில் தமிழ்நாட்டை ஒருமுறை இறக்கிவிட்டால் அதற்குப் பிறகு எதற்கும் இணையம் கேட்காது. நடைவழியையும் போனுக்குள்ளேயே கணக்குப் போட்டுச் சொல்லும். அம்மாவிடம் கொடுத்தால் அவர்களே பயன்படுத்தும் அளவுக்கு எளிது.

பழகப் பழக இன்னும் வேண்டும் என்று தோன்றும்போது ஓஎஸ்எம்ஆண்ட் போடுங்கள். முதல் நாள் மிரட்டும்; எங்கு தொட்டாலும் ஒரு பட்டியல் திறக்கும். இரண்டு மூன்று நடைக்குப் பிறகு விட மாட்டீர்கள். மேப்பின் மேல் வேறொரு படத்தைப் பாதி வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம், போன வழியைப் பதியலாம், பதிந்ததை அப்படியே திரும்பிப் பிடித்து வரலாம். இலவசப் பதிப்பில் இறக்கக்கூடிய மேப்களுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு. நம் ஒரு மாநிலத்துக்கு அது தாராளம்.

விக்கிலாக் பற்றியும் கேட்கிறார்கள். மற்றவர்கள் நடந்து பதிந்து வைத்த தடங்கள் அதில் கிடைக்கும். மேற்குத்தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல துணை. எங்கள் பக்கம் தடங்கள் சொற்பம்.

இப்போது கண்மாய்க்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கோனாப்பட்டுக்குத் தெற்கே ஒரு கண்மாய். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேப்பில் மேற்குப் பக்கத்து முந்திரித் தோப்பிலிருந்து கிளம்பிய புள்ளிக்கோடு ஒன்று கண்மாயின் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் தரையை, குறுக்கே வெட்டி நேரே கிழக்குக் கரையில் ஏறுகிறது. ஆப் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. கரையோடு சுற்றினால் ஆகும் தூரத்தில் பாதிகூட இல்லை. தோப்பு முடிந்ததும் செம்மண் தடம் தெளிவாகவே இருக்கிறது, நடுவில் புல், இரண்டு பக்கமும் சக்கரம் பதிந்த பள்ளம். கொஞ்ச தூரத்தில் அந்தப் பள்ளம் ஈரமாகிறது. அப்புறம் பள்ளத்தில் தண்ணீர். அதற்கப்புறம் பள்ளம் தெரியவில்லை. கருவேலமரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் நீர்க்காகம். தடம் அந்த மரங்களுக்கு நடுவில் நேராகத் தண்ணீருக்குள் போகிறது.

அங்கே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த அய்யா ஒருவர் எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அப்பு, அந்த வழி வைகாசிக்குத்தான். இப்ப அங்கிட்டுக் கழுத்தளவு கெடக்கு. இப்புடியே கரைமேல ஏறிச் சுத்திப் போங்க. கலுங்குல தண்ணி விழுகுதானு மொதல்ல பாத்துக்கங்க. விழுந்துச்சுனா திரும்பி வந்துருங்க, தாண்டாதீக."

அவர் சொன்ன கடைசி இரண்டு வாக்கியத்தை எந்த ஆப்பும் எனக்குச் சொன்னதில்லை. கரைமேல் நடந்தால் பத்திரம் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கரை முழுக்கத் தொடர்ச்சியாக இருக்காது. கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேறக் கலுங்கு என்று கல் பாவிய ஒரு தாழ்ந்த இடம் விட்டிருப்பார்கள். கோடையில் அது ஆடு படுத்திருக்கும் கல்மேடை. கண்மாய் நிறைந்தால் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிற தண்ணீர். முழங்காலுக்குக் கீழேதான் என்று தோன்றும், பாசி பிடித்த கல் காலை வாரிவிடும். மேப்பில் கரை ஒரே கோடாக, நீளமாக, இடைவெளி இல்லாமல் ஓடும்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தப் பகுதியை வரைந்தவர்களில் பெரும்பாலோர் இங்கே வந்து வரையவில்லை, வான்வழிப் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். மேகம் இல்லாத படம்தான் வரைவதற்குத் தோது. இங்கே வானம் தெளிவாக இருப்பது மழை ஓய்ந்த மாதங்களில், அப்போது கண்மாய் வற்றிக்கொண்டிருக்கும் அல்லது வற்றியே போயிருக்கும். உள்வாயில் டிராக்டர் போன தடம் வெள்ளைக்கோடாகத் தெரியும். வரைகிறவர் அதைப் பாதை என்று போடுகிறார். அவர் மேல் தப்பில்லை, அந்த மாதத்தில் அது பாதைதான். அடுத்தது வழி கணக்கிடும் முறை. ஆப், பாதை என்று குறித்த கோட்டை மட்டும்தான் பார்க்கும். அந்தக் கோடு நீலம் பூசிய இடத்தைத் தாண்டிப் போகிறதா என்று பார்ப்பதில்லை. நீலத்துக்குள் நுழைகிற கோட்டை நாம்தான் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் முழு வழியையும் பெரிதாக்கி ஒருமுறை விரலால் ஓட்டிப் பாருங்கள். நடைக்கான தயாரிப்பில் இதைவிட முக்கியமானது ஒன்றும் இல்லை.

மேப்பில் வராத இன்னும் சில உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள், அதுவும் புதர் மூடியவை. செம்மண்ணும் கல்லும் அள்ளி விட்ட பள்ளங்கள். மழை பெய்தால் அவை குளம் போலத் தெரியும், ஆனால் ஓரம் சரிவாக இருக்காது, செங்குத்தாக இறங்கும். தைலமரக் காட்டில் கதை வேறு. வனத்தோட்டக் கழகத்தார் கட்டம் கட்டமாக வழி விட்டிருப்பார்கள், ஒவ்வொரு முக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி. அங்கே ஆளிடம் வழி கேட்பதைவிட ஜிபிஎஸ் நூறு மடங்கு மேல். ஆனால் மரத்தை வெட்டி எடுத்துவிட்டால் அந்த வழிகளும் மாறிவிடும். அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதற்கெல்லாம் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. 1767இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போஷீட் என்ற நிலவரைபடத் தாள். 1:50,000 அளவு, அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர் தாளில் இரண்டு சென்டிமீட்டர். பழைய எண்வரிசையில் காரைக்குடி விழும் தாள் 58 ஜே/16. இவர்கள் வந்து, நடந்து, அளந்து வரைந்தவர்கள். கண்மாய்க் கரையைத் தனியாகக் காட்டியிருப்பார்கள், கிணற்றைக் காட்டியிருப்பார்கள், கோயிலைக் காட்டியிருப்பார்கள். வற்றும் நீருக்கும் வற்றாத நீருக்கும் வேறு வேறு வகையில் குறி போட்டிருப்பார்கள். பொதுமக்களுக்கான தாள்களை அவர்களுடைய இணையதளத்திலேயே பதிந்துகொண்டு எடுக்கலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு இதில் இருந்த தயக்கமெல்லாம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அந்தத் தாளைப் போனுக்குள் கொண்டுவர அவென்சா மேப்ஸ் நல்ல ஆப். இடக்குறி பொதிந்த பிடிஎஃப்பைக் கொடுத்தால் அதன் மேலேயே உங்கள் புள்ளியைக் காட்டும். இலவசப் பதிப்பில் நாமாகக் கொண்டுவரும் மேப் ஒரு நேரத்தில் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் நடைக்கு ஒன்றே போதும். வெறும் ஸ்கேன் படம்தான் கையில் இருக்கிறது என்றால், க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தாளின் நான்கு மூலைகளிலும் அச்சிட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துப் பொருத்தலாம். ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய தாள்கள் எவரெஸ்ட் அளவுமுறையில் போட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் அளவுமுறை. அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்காமல் பொருத்தினால் உங்கள் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழலாம். கரைமேல் நிற்கும் உங்களைத் தண்ணீருக்குள் காட்டினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, தப்பு தெரிந்துவிட்டது, என்ன செய்வது? திருத்துங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நான் இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். ஒரு கணக்குத் தொடங்கிவிட்டால், வீட்டுக்கு வந்து அன்று சாயங்காலமே கலுங்கைக் குறிக்கலாம், கரையைக் கரை என்று போடலாம், கண்மாயைப் பருவகால நீர்நிலை என்று குறிக்கலாம், உள்வாய்த் தடத்தை வறட்சிக்காலத் தடம் என்று குறிக்கலாம். வழி சொல்லும்போது இந்தக் குறிப்புகளைப் பெரும்பாலான ஆப்கள் கண்டுகொள்வதில்லை என்பது வருத்தம்தான். ஆனால் படத்தில் விட்டு விட்டு வரும் நீலமாகத் தெரிந்தாலே பார்க்கிறவர் உஷாராகிவிடுவார். கூகுளின் சாட்டிலைட் படத்தைப் பார்த்து மட்டும் இதில் வரையாதீர்கள், அதற்கு உரிமை இல்லை. வரைவதற்கென்று அனுமதி தந்த வேறு படங்கள் திருத்தும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றைவிட மேல், உங்கள் போன் பதிந்த தடம்.

பெயரைத் தமிழில் எழுதத் தனிக் கட்டம் உண்டு. தயவுசெய்து அதை நிரப்புங்கள். ஒரே ஊருக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கூட்டல் ஓடுகிறது, ஓர் எழுத்து மாறினாலும் தேடலில் ஊர் கிடைப்பதில்லை. புதுப்பட்டி என்று தேடினால் சுற்று வட்டாரத்தில் வரிசையாக வரும், எது நம் புதுப்பட்டி என்று தெரியாது. கண்மாய்களுக்கோ மேப்பில் பெரும்பாலும் பெயரே இல்லை. ஊருக்குள் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, ஒவ்வொரு மடைக்கும் பெயர் இருக்கிறது. வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு உண்டு. வரத்துக்கால் அடைபட்டு, உள்வாயை ஆக்கிரமித்து, கண்மாய் மேடாகிக்கொண்டே வருகிறது. மேப்பில் பெயரோடும் எல்லையோடும் இருக்கிற கண்மாயைப் பற்றிப் பேசவாவது முடியும்.

வழி கேட்பது பற்றி இரண்டு வார்த்தை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்துக்கு மேப் எதுவும் வேண்டியதில்லை. முன்னால் போகிறவர்களுக்கு வழி தெரியும். பொட்டலில் அப்படி முன்னால் யாரும் போவதில்லை. அங்கே கிடைக்கிற ஆள் ஆடு மேய்க்கிறவர், விறகு வெட்டுகிறவர், முந்திரிக் காவலுக்கு இருக்கிறவர். "இப்படிப் பாதை இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், இருக்கத்தான் செய்கிறது. "இப்ப அந்த வழியா ஆடு போகுதா?" என்று கேளுங்கள். ஆடு போனால் நாமும் போகலாம்.

போனே கையை விட்டுப் போனாலும் நிலம் கொஞ்சம் பேசும். எங்கள் பக்கம் நிலம் பெரும்பாலும் தென்கிழக்காகச் சரிகிறது. அதனால் கண்மாய்களுக்குக் கரை பொதுவாகக் கிழக்கிலோ தென்கிழக்கிலோ வளைந்து கிடக்கும், தண்ணீர் அதற்கு மேற்கே நிற்கும். கரையில் ஏறி மறுபக்கம் பார்த்தால் வயல். மடையிலிருந்து இறங்குகிற கால்வாயைப் பிடித்து வயலைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். கரையில் மண்குதிரைகளோடு அய்யனார் இருந்தால் ஊருக்கு வண்டிப்பாதை கட்டாயம் இருக்கும். திசைகாட்டி வைத்திருப்பவர்கள் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே மறந்துவிடலாம், ஒன்றிரண்டு டிகிரிதான்.

போனைப் பற்றி. சித்திரை வெயிலில் பேட்டரியைவிட முதலில் தொல்லை தருவது சூடு. ஐபோனை 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. எங்கள் ஊரில் அந்த அளவு காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். கையில் பிடித்துக்கொண்டே நடக்காமல் பைக்குள் நிழலில் வையுங்கள், முக்கு வந்தால் மட்டும் எடுத்துப் பாருங்கள். திரைதான் பேட்டரியைத் தின்கிறது, ஜிபிஎஸ் அவ்வளவு தின்பதில்லை. டவரைத் தேடித் தேடி வீணாகும் மின்சாரத்தை ஏரோப்ளேன் மோடு மிச்சப்படுத்தும். தடம் பதிகிறவர்கள், பின்னணியில் ஓடும் ஆப்பைப் போன் தானாக நிறுத்தாதபடி அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையிலிருந்து நடந்த வழி, முதல் அரை மணி நேரத்தோடு நின்றிருக்கும்.

வெளிநாட்டில் இருந்து வருகிற உறவுக்காரர்களுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே காட்டுக்குள் போகிறவர்கள் கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வைத்திருப்பது நல்ல பழக்கம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம். துராயா, இரிடியம் போன்களுக்கும் இதே கதைதான். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிய பயணிகள் உண்டு. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்கிற சாதாரண ஜிபிஎஸ் இந்த வகையில் சேராது. இங்கே கொஞ்ச தூரம் நடந்தால் எப்படியும் ஏதாவது ஓர் ஊரின் டவர் எட்டிவிடும், எந்த நெட்வொர்க்கிலும் 112 போகும். டேட்டா வராத இடத்திலும் எஸ்எம்எஸ் போய்விடும்.

அந்த எஸ்எம்எஸ்ஸில் இடத்தை எப்படி எழுதுவது என்பதை முன்கூட்டியே எல்லாரும் ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ளுங்கள். காரைக்குடியின் அட்சரேகை 10 டிகிரி 4 நிமிடம். தசமத்தில் எழுதினால் 10.07. 10 டிகிரி 4 நிமிடத்தை அவசரத்தில் யாராவது 10.4 என்று எழுதிவிட்டால், தேடி வருகிறவர் ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வடக்கே, புதுக்கோட்டை அளவுக்குப் போய் நிற்பார். தசமத்தில், புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம். நான்காவது இலக்கம் சுமார் 11 மீட்டர். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆப்பில் உங்கள் புள்ளியைத் தொட்டாலே அந்த எண் வரும், அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள்.

கடைசியாக, தடத்தைப் பகிர்வது. நடந்து பதிந்த வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாம், ஆர்கானிக் மேப்ஸும் ஓஎஸ்எம்ஆண்டும் இரண்டுமே அதைத் திறக்கும். எங்கள் குழுவில் ஊர்ப்பெயரை மட்டும் போட்டு வரும் கோப்பை யாரும் நம்பி நடப்பதில்லை. பெயரிலேயே மாதமும் வருடமும் இருக்க வேண்டும். குறிப்பில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: கண்மாயில் தண்ணீர் எதுவரை இருந்தது, கலுங்கில் விழுந்ததா, சீமைக்கருவேலம் எங்கே வழியை அடைத்திருந்தது. மாசியில் பதிந்த தடத்தை மார்கழியில் கேட்கிறவருக்கு அதைக் கொடுக்காமல், கரைவழியாகப் போன வேறொன்று இருக்கிறதா என்று தேடிக் கொடுக்கிறோம். கோட்டையூர், பள்ளத்தூர் பக்கத்துக் கண்மாய்களுக்கு இரண்டு பருவத்துக்கும் தடம் சேர்ந்துவிட்டது. திருமயத்துக்குத் தெற்கே மழைக்காலத் தடம் இன்னும் குறைவு. வருகிற கார்த்திகையில் அங்கே நடக்கப் போகிறவர்கள் இருந்தால் போன வழியைப் பதிந்து, மாதத்தைப் போட்டு அனுப்புங்கள்.